எலி தொடாத பிஸ்கெட்

போன் அலறியது.

க்ளெண்டா ராஷுக்குக் கை முழுக்க மாவு. ஆப்பிள் பை என்கிற பழப் பலகாரத்துக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளை தேங்க்ஸ்கிவிங், அமெரிக்கா முழுக்க வான்கோழி சமைத்துக் கொண்டாடும் நாள். துப்பறியும் பிரிவுக்கு வந்த பிறகு முதல் முறையாக இந்தப் பண்டிகைக்கு லீவு கிடைத்திருக்கிறது. ஸ்டேஷனுக்கு அது பொறுக்குமா?

முழங்கையால் போனைத் தட்டினாள்.

"மேடம்... கான்ஸ்டபிள் பாய்ட் பேசறேன்."

"லீவுல இருக்கேன் பாய்ட். இன்னிக்கு வான்கோழியைத் தவிர வேற எந்தப் பிணத்தையும் நான் பார்க்கறதா இல்ல."

"ஆராய்ச்சிக்கூடத்துல ஒரு கொலை மேடம். டாக்டர் ஹார்லன் வாஸ். மண்டையில அடிச்சிருக்காங்க."

"சீஃப் கிட்ட சொல்லு."

"அவர் இங்கதான் இருக்கார். உங்களைக் கூப்பிடவே கூடாதுன்னார். எனக்குத்தான் மனசு கேக்கல..."

"என்ன இழுவை? சொல்லித் தொலை!"

"பக்கத்து ரூம் சோபாவுல உங்க தம்பி கிடக்கறார் மேடம். கையில ரத்தத்தோட ஸ்பேனர். சட்டையெல்லாம் விஸ்கி நாத்தம்..."

மாவு உருட்டும் கட்டை தரையில் விழுந்து உருண்டது.

*

டேல்!

இருபது வயதில் தொட்ட பாட்டிலை முப்பத்தெட்டு வயது வரை விடாதவன். மனைவி போனாள். வேலை போனது. கடைசியில் அக்கா வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தான். அவனை அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதே க்ளெண்டாதான். குடிக்கிற ஆசையைக் குறைக்கும் ஒரு புது மருந்தை அங்கே மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடையில் ஆரம்பித்தது. இன்றுவரை ஒரு சொட்டு தொடவில்லை.

இன்றுவரை!

காரை ஓட்டும்போதே ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினாள். இந்தியானாவின் நவம்பர் காற்று கண்ணாடியில் சோள வயல் தூசியைக் கொட்டியது. அவளுக்கு வந்தது அழுகை இல்லை, எரிச்சல். எத்தனை தடவைதான் ஒருத்தனை நம்புவது?

ஆராய்ச்சிக்கூட வாசலிலேயே போலீஸ் சீஃப் மெர்ல் ஸ்ட்ரவுட் மறித்தார். பெரிய தொப்பை. அதைவிடப் பெரிய மீசை.

"க்ளெண்டா, இது உன் கேஸ் இல்ல. நீ அவனோட அக்கா. திரும்பி வீட்டுக்குப் போ."

"பார்த்துட்டுப் போறேன் சீஃப்."

"எதையும் தொடாதே. யாரையும் விசாரிக்காதே. புரியுதா?"

உள்ளே போனாள்.

டாக்டர் வாஸ் தன் மேஜையின் மீது கவிழ்ந்திருந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. நல்ல மனிதர். கிறிஸ்துமஸுக்கு எலிக் கூண்டுகளுக்கெல்லாம் ரிப்பன் கட்டுவார் என்று டேல் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

பக்கத்து அறையில் டேல். சோபாவில் வாயைப் பிளந்து கிடந்தான். கேஸ் சிலிண்டர் திருகும் கனமான ஸ்பேனர் அவன் வலது கைக்குள் இருந்தது. முன்னால் ஒரு சின்ன மேஜை. அதில் இரண்டு பாட்டில்கள். டேலுக்கு இடது பக்கம் ஜிஞ்சர் சோடா. வலது பக்கம் விஸ்கி. விஸ்கி பாட்டிலில் பாதிதான் மிச்சம்.

"ஊதச் சொன்னோம் மேடம். தலை நிக்கல. மூக்குக்கே தெரியுதே, இன்னும் எதுக்கு மெஷின்னு சீஃப் விட்டுட்டார்" என்றான் பாய்ட், செல்போனில் எல்லாவற்றையும் படம் எடுத்தபடி.

டேலின் இமை லேசாக அசைந்தது.

"அக்...கா... நான்... குடிக்கல..."

அந்த மூணு வார்த்தைதான் க்ளெண்டாவைப் பற்ற வைத்தது.

"வாயை மூடுடா! அம்மா சாவுக்கு வந்து விழுந்தப்பவும் இதையேதான் சொன்னே!"

அவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கால் தரையில் இழுபட்டது.

*

"உட்காருங்க மிஸ் ராஷ். உங்களைப் பார்த்தா எனக்கே கஷ்டமா இருக்கு" என்றாள் டாக்டர் கொரின் மேடாக்ஸ்.

காபி அறை. கொரின்தான் கூடத்தில் வாஸுக்கு அடுத்த ஆள். ஒல்லியான உடம்பு, நரைத்த குட்டை முடி, அழுது சிவந்த கண்கள். பிணத்தை முதலில் பார்த்துப் போலீசுக்குப் போன் செய்ததும் அவள்தான்.

விசாரிக்கக் கூடாது. சரி. காபி குடிக்கக் கூடாது என்று சீஃப் சொல்லவில்லையே!

"எப்படி நடந்துச்சு டாக்டர்?"

"புதன்கிழமைதோறும் டேல் வருவார். ஒரு சோடா, ஒரு விஸ்கி வைப்போம். விஸ்கியை மோந்து மட்டும் பார்க்கணும். ஆசை எவ்வளவுன்னு பத்துக்கு மார்க் சொல்லணும். தாகம் எடுத்தா சோடா குடிக்கலாம். இன்னிக்கு டாக்டர் வாஸ்தான் எல்லாத்தையும் எடுத்து வச்சார். நான் எலி ரூம்ல இருந்தேன். திரும்பி வந்தா..."

பேசிக்கொண்டே சர்க்கரை டப்பாவை இடமிருந்து வலத்துக்கும், க்ரீம் குடுவையை வலமிருந்து இடத்துக்கும் மாற்றி வைத்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க மருந்து வேலை செய்யும்னு சொன்னீங்களே? ஒரு எழவும் செய்யலையே!"

கொரின் நிமிர்ந்தாள். கண்ணீரைத் தாண்டி ஒரு கோபம் எட்டிப் பார்த்தது.

"வேலை செய்யும்! என்னோட வாங்க."

எலி அறை. வரிசையாகக் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டுக்கும் இரண்டு பாட்டில். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் சாராயம் கலந்த தண்ணீர்.

"இதெல்லாம் தலைமுறை தலைமுறையாக் குடிகார எலிங்க. தண்ணியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நாளைக்கு நீங்க வான்கோழி சாப்பிடுவீங்க இல்ல? அதுல டிரிப்டோபான்னு ஒரு சத்து இருக்கு. பால், முட்டை எல்லாத்துலயும் உண்டு. உடம்பு அதை உடைக்கறப்போ கைனுரெனிக் அமிலம்னு ஒண்ணு வரும். எங்க மருந்து மூளையில அந்த அமிலத்தை ஏத்தி விடுது. அது ஏறினா டோபமைன் அடங்கிடும். டோபமைன்தான் 'இன்னொரு மடக்கு, இன்னொரு மடக்கு'ன்னு உள்ள இருந்து பிடிச்சுத் தள்ற ஆளு. அவன் அடங்கிட்டா விஸ்கியும் தண்ணியும் ஒண்ணுதான்."

"ஏன் பாட்டிலை மாத்தி மாத்தி மாட்டறீங்க?"

கொரின் ஒவ்வொரு கூண்டிலும் இடது பாட்டிலை வலத்துக்கும் வலது பாட்டிலை இடத்துக்கும் மாற்றிக்கொண்டே போனாள்.

"தினமும் மாத்தியே ஆகணும். சில எலிக்கு இடது மூலைதான் பிடிக்கும். மாத்தலைன்னா, மூலை மேல இருக்கற ஆசையைச் சாராயத்து மேல இருக்கற ஆசைன்னு நினைச்சு ஏமாந்துடுவோம். யார் செத்தாலும் இந்த வேலை நிக்காது. உங்க தம்பி முன்னாடி வைக்கற பாட்டிலைக்கூட வாரா வாரம் இப்படித்தான் பக்கம் மாத்துவோம்."

மருந்து சாப்பிட்ட எலிகள் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. சாராயத்தைச் சீண்டவில்லை. சரி. கூண்டு நடுவில் கிடந்த க்ரீம் பிஸ்கெட்டையும் சீண்டவில்லை.

"பிஸ்கெட்டைக்கூடத் தொடலையே?"

"வயிறு நிறைஞ்சிருக்கும்" என்றாள் கொரின் சட்டென்று. "பாருங்க மிஸ் ராஷ், மருந்து சாப்பிட்டவனால இப்படிக் குடிக்க முடியாது. டேல் மருந்தை நிறுத்தியிருக்கணும். அதுதான் உண்மை."

க்ளெண்டாவுக்குச் சுருக்கென்றது.

தினமும் காலையில் அந்த கேப்ஸ்யூலை டேல் வாயில் போடுவதே அவள்தான். ஆரஞ்சு ஜூஸ் உள்ளே இறங்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லுவாள். இன்று காலையும் காட்டினான்.

மருந்து உள்ளே போயிருக்கிறது. மருந்து போனால் குடிக்க முடியாது. அப்படியானால்...

ஒன்று, இந்த டாக்டரம்மா மருந்தைப் பற்றிப் பொய் சொல்கிறாள். இல்லையென்றால்... டேல் குடிக்கவே இல்லை!

*

"ரத்தம் எடுங்க சீஃப்! இப்பவே!"

"எதுக்கு? ஊரே மணக்குது அவன் சட்டை. நம்ம லேப் ஆளுங்க லீவு. திங்கக்கிழமை எடுத்துக்கலாம்."

"திங்கக்கிழமைக்குள்ள உடம்புல இருக்கறதெல்லாம் கரைஞ்சு போயிடும்!"

"அதுக்கு அவன் சம்மதம் வேணும், இல்ல ஜட்ஜ் உத்தரவு வேணும். ஜட்ஜ் ஃப்ளோரிடாவுல பேரப்பிள்ளைங்களோட இருக்கார். உன் தம்பியோ மாட்டேங்கறான். போய்ப் பாரு, நான் ஒண்ணும் தடுக்கல."

மாட்டேங்கறானா?

லாக்கப்புக்கு ஓடினாள். டேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பேச்சு தெளிந்திருந்தது.

"ஏன்டா ரத்தம் வேணாம்னே?"

"வேணாம் அக்கா."

"ஜெயிலுக்குப் போவேடா! ஆயுசுக்கும்!"

"போறேன். போனாப் போகுது." சட்டையை மோந்து முகத்தைச் சுளித்தான். "எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. முழிச்சுப் பார்த்தா விஸ்கி வாடை. எனக்கு இந்தக் கதை புதுசா? நான் குடிச்சேன்னு அந்தக் காகிதத்துல வந்துட்டா... அதைப் பார்க்க என்னால முடியாது. ஜெயில் பரவாயில்ல."

அவளுக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. கம்பிதான் குறுக்கே நின்றது.

"கடைசியா என்ன ஞாபகம் இருக்கு? அதைச் சொல்லு."

"விஸ்கியை மோந்தேன். மார்க் சொன்னேன். வாஸ் சிரிச்சுட்டு ரூமுக்குப் போயிட்டார். தாகமா இருந்துச்சு, சோடா குடிச்சேன். அவ்வளவுதான்."

"சோடான்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாம என்ன? சோடா என் வலது பக்கம் இருந்துச்சு. இந்தக் கட்டைவிரல்தான் வெந்து போச்சே! பாட்டிலைப் பிடிக்க முடியல. இடது கையைக் குறுக்கே நீட்டி எடுத்தேன். விஸ்கி பாட்டில் தட்டி விழப் பார்த்துச்சு."

வலது கட்டைவிரலில் கட்டு. நேற்று அடுப்பிலிருந்த ஆப்பிள் பையைத் திருட்டுத்தனமாகப் பிய்க்கப் போய்ச் சுட்டுக்கொண்டது.

"இந்த விரலை வச்சுக்கிட்டு அந்த ஸ்பேனரைத் தூக்கினியா நீ?"

"குடிகாரனுக்கு வலி தெரியாதுன்னு சீஃப் சொல்றார்."

"சீஃப் தலையில இடி விழ!" திரும்பிக் கத்தினாள். "பாய்ட்! அந்தப் போட்டோவைக் காட்டு!"

பாய்ட் செல்போனை நீட்டினான். மேஜை. இரண்டு பாட்டில். டேல் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் சோடா... இடது பக்கம். விஸ்கி... வலது பக்கம்.

பக்கம் மாறியிருக்கிறது!

யாரோ இரண்டு பாட்டிலையும் எடுத்திருக்கிறார்கள். எதையோ கலந்து வைத்திருந்த சோடாவைக் கொட்டி, கழுவி, புதுசு நிரப்பி, விஸ்கியை டேல் மேல் ஊற்றி, திரும்ப வைத்திருக்கிறார்கள். வைக்கும்போது கை தன் பழக்கத்தில் போய்விட்டது. இடது வலமாக. வலது இடமாக.

சர்க்கரை டப்பா! க்ரீம் குடுவை!

"டேல், ரத்தம் குடுடா."

"அக்கா, நீயே என்னை நம்பல. காலையில என்ன சொன்னே?"

அது குத்தியது. குத்தட்டும்.

"சரிடா, உன்னை நம்பச் சொல்லல. அந்த மருந்தை நம்பு. நானே என் கையால குடுத்த மருந்து. அது உள்ள இருந்தா உன்னால குடிக்க முடியாது. மருந்தை நம்பிக் கையை நீட்டு!"

டேல் எழுந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்தான். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினான்.

"குடுக்கறேன். அந்த ஆப்பிள் பை இன்னும் இருக்குல்ல? தீர்த்துடலையே?"

"கொலைக் கேஸ்ல உள்ள உட்கார்ந்துகிட்டுக் கேக்கற கேள்வியாடா இது!"

*

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் முடிவைப் படித்தபோது சீஃப் மீசையை முறுக்குவதை நிறுத்தினார்.

"சாராயம், சுத்தமா இல்ல. ஆனா மயக்க மருந்து இருக்கு. மிருகங்களுக்குப் போடறது."

"எலிக்கும் போடுவாங்களா டாக்டர்?" என்றாள் க்ளெண்டா இனிப்பாக.

"தாராளமா."

சாயங்காலம். போலீஸ் ஸ்டேஷன் விசாரணை அறை. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட என்று கொரினை வரவழைத்திருந்தார்கள். சீஃப் அவள் எதிரில் உட்கார்ந்தார். க்ளெண்டா ஒரு தட்டில் இரண்டு கப் கொண்டுவந்து கொரின் முன்னால் வைத்தாள். இடது பக்கம் காபி. வலது பக்கம் டீ.

"எது வேணுமோ எடுத்துக்குங்க டாக்டர். இன்னிக்கு உங்களுக்கு நல்ல அலைச்சல்."

"நன்றி. டேல் எப்படி இருக்கார்?"

"தெளிஞ்சுட்டான். ஒண்ணும் ஞாபகம் இல்லையாம்."

கொரின் பெருமூச்சு விட்டாள். "பாவம். நோய்தானே அது. டாக்டர் வாஸ் கூட மன்னிச்சிருப்பார்..."

சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினாள். காபி வலது பக்கம் போனது. டீ இடது பக்கம் வந்தது. இரண்டையும் குடிக்கவில்லை.

சீஃபின் வாய் திறந்தது. மூடவில்லை.

"டாக்டர்... உங்க கையைப் பாருங்க" என்றாள் க்ளெண்டா.

கொரின் குனிந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போனது.

"காலையில டேல் முன்னாடியும் இதே கைதான் மாத்தி வச்சுது. வாஸ் சோடாவை வலது பக்கம் வச்சார். டேல் வலது பக்கத்துல இருந்துதான் குடிச்சான். நாங்க வந்தப்போ அது இடது பக்கம் இருந்துச்சு. போட்டோ இருக்கு. அவன் ரத்தத்துல உங்க எலி மயக்க மருந்து இருக்கு. அதைப் பூட்டி வைக்கற அலமாரிச் சாவி ரெண்டே பேர்கிட்ட. ஒருத்தர் செத்துட்டார்."

"பழக்கம்..." கொரின் தன் விரல்களையே வெறித்தாள். "பத்தொன்பது வருஷப் பழக்கம்!"

"ஏன் கொன்னீங்க?"

அவள் கத்தினாள். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

"என் வாழ்க்கையையே அந்த மருந்துக்குக் குடுத்தேன்! கல்யாணம் பண்ணிக்கல, ஒரு நாள் ஊர் சுத்தல! எலிங்க குடிக்கறதை நிறுத்துச்சு, வாஸும் என்னைக் கட்டிப் பிடிச்சுக் கூத்தாடினார். அப்புறம் போன வாரம் ஒரு பிஸ்கெட்டைப் போட்டுப் பார்த்தார். தொடல. ஜோடியை விட்டார், திரும்பிப் பார்க்கல. குட்டி கத்துது, தாய் எலி எழுந்திருக்கவே இல்ல! 'கொரின், நாம குடியை நிறுத்தல, ஆசையையே கொன்னுட்டோம்'னார்! வெள்ளிக்கிழமை சீல் வச்ச உறையைப் பிரிச்சு, யாருக்கு எந்த கேப்ஸ்யூல் போச்சுன்னு பார்த்து, எல்லாத்தையும் நிறுத்திடப் போறேன்னார். எனக்குத் தெரியாதா என்ன? மூணு வருஷமா எனக்கும் தெரியும்! கொஞ்சம் டைம் குடுங்கன்னு கெஞ்சினேன்..."

"அதுக்கு என் தம்பிதான் கிடைச்சானா?"

"குடிகாரன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்கன்னு தெரியும்."

 க்ளெண்டாவும் கேட்கவில்லையே! கூடப் பிறந்தவளே கேட்கவில்லை. வாயை மூடு என்றுதான் சொன்னாள்.

*

மறுநாள் மத்தியானம். அடுப்பிலிருந்து வான்கோழி வாசனை. டேல் மேஜையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தான். க்ளெண்டா கிரேவிக்குச் சோள மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

மனசு மட்டும் அந்த எலிகள்மேலேயே இருந்தது. அசையாமல் உட்கார்ந்த எலிகள். தினமும் காலையில் தன் கையாலேயே அல்லவா தம்பிக்கு அந்த மருந்தை ஊட்டினாள்! நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லி மிரட்டினாளே! இவன் ஆசையும் இப்படித்தான் சாகுமா?

போன் அலறியது. சீஃப்.

"க்ளெண்டா, ஆராய்ச்சிக்கூடத்துல அந்த உறையை இன்னிக்கே பிரிச்சுட்டாங்க. இனி யாருக்கும் கேப்ஸ்யூல் குடுக்க வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. உன் தம்பி பேர் எதிர்ல என்ன போட்டிருந்துச்சு தெரியுமா?"

கேட்டாள். கரண்டி கையிலேயே நின்றது. போனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அக்கா? மறுபடி என்னைப் பிடிச்சுட்டுப் போகப் போறாங்களா?" டேல் வாயில் ஆப்பிள் பை. யாரும் பார்க்காதபோது பிய்த்தது.

அந்த வாயைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆசை செத்தவன் விரலைச் சுட்டுக்கொள்வானா! லாக்கப்பில் உட்கார்ந்துகொண்டு ஆப்பிள் பையைக் கேட்பானா! துப்பறிகிறாளாம் துப்பு!

"டேல்... பாதிப் பேருக்கு நிஜ மருந்து. பாதிப் பேருக்குச் சும்மா பார்வைக்கு ஒரு கேப்ஸ்யூல். உள்ள மருந்தே கிடையாது."

"சரி?"

"நீ ரெண்டாவது பாதிடா."

மெல்லுவதை நிறுத்தினான்.

"அப்போ... வாரா வாரம் விஸ்கியை மோந்து பார்த்துட்டு... வேணாம்னு கீழ வச்சது..."

"நீதான்டா. கைனுரெனிக்கும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. நீ மட்டும்தான். நேத்து நான் மருந்தை நம்புன்னு சொன்னேன் பாரு... உன்னைத்தான்டா நம்பியிருக்கணும்."

டேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.  அவள் எழுந்து போய் அவன் முதுகில் கை வைத்தாள். 

அவன் மூக்கை உறிஞ்சினான். புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"அப்போ இத்தனை மாசமா வாயைத் திற, நாக்கைத் தூக்குன்னு மிரட்டி எதை முழுங்க வச்சே?"

"வெறும் சோள மாவாம்."

டேல் மேஜையிலிருந்த சோள மாவு டப்பாவை எடுத்தான். மேலும் கீழும் பார்த்தான். பயபக்தியோடு அக்காவிடம் நீட்டினான்.

"கிரேவியில ரெண்டு ஸ்பூன் கூடுதலாப் போடு அக்கா... இன்னிக்கு டோஸ் இன்னும் போடல!"